தோற்றவர் பக்கத்துக் கணக்கு

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுச் செய்தியில் டென்னிஸ் முடிவு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. இன்னார் இன்னாரை வீழ்த்திப் பட்டம் வென்றார், அவ்வளவுதான். செட் கணக்கைச் சொன்னாலும் பலர் காதில் அது நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித்தருகிற எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. ஆட்டத்தைப் பார்க்காதவருக்கும் அந்த எண்கள் ஆட்டத்தைக் காட்டிவிடும். அதிலும் தோற்றவர் பக்கத்து எண்கள்.

2025 ஜூன் 8, பிரெஞ்சு ஓபன் ஆண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம். பாரிஸில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அங்கே பிற்பகலில் தொடங்கிய ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது. ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ், இத்தாலியின் யானிக் சின்னரை 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்று வென்றார். 5 மணி 29 நிமிட ஆட்டம். நான்காவது செட்டில் சின்னர் 5-3 முன்னிலை. அல்கராஸ் சர்வீஸில் 0-40, அதாவது இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் சின்னருக்கு ஆட்டமே முடிந்துவிடும். மூன்று பாயிண்டில் ஒன்று விழுந்திருந்தால் கோப்பை சின்னருக்கு. மூன்றையும் அல்கராஸ் தடுத்தார். செட் சமநிலையில் இழுபடும்போது முடிவு கட்டுவது டை-பிரேக்; கடைசி செட்டின் டை-பிரேக்கை 10-2 என்று எடுத்தார். சரி, அன்று மொத்தமாக யார் அதிகப் பாயிண்ட் எடுத்தது? சின்னர் 193, அல்கராஸ் 192.

இது நடக்கக்கூடியதுதான். பாயிண்டுகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட்; வெற்றியை முடிவு செய்வது செட்தான். 6-0 என்று எடுத்தாலும் ஒரு செட், டை-பிரேக் வரை இழுத்து 7-6 என்று எடுத்தாலும் ஒரு செட். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் 218 பாயிண்ட், ஜோகோவிச் 204. ஃபெடரர் தனக்குக் கிடைத்த இரண்டு செட்டில் ஒன்றை 6-1 என்று அள்ளினார். ஜோகோவிச் எடுத்த மூன்று செட்டும் டை-பிரேக்கில் வந்தவை. கோப்பை அவருக்குப் போனது.

மைதானத்தில் பிள்ளைகளின் ஸ்கோர் தாளைப் பார்க்கும்போதும் இதுதான். 6-2, 6-2 என்று தோற்ற பையனின் தாளில் கேமுக்குக் கேம் டியூஸ் (40-40 சமநிலை), மறுபடி டியூஸ் என்று கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். வாசலில் காத்திருக்கும் அப்பா "ஜெயிச்சியா?" என்று மட்டும் கேட்பார். அந்தத் தாளை வாங்கி ஒரு நிமிடம் பாருங்கள் என்று எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

அடுத்த சுற்றின் முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர், நிக்கோலா மஹூ ஆட்டம் மூன்று நாள் நடந்தது. 11 மணி 5 நிமிடம். கடைசி செட் 70-68. வென்ற இஸ்னர் அடுத்த சுற்றில் 6-0, 6-3, 6-2 என்று தோற்றார். உடம்பில் என்ன மிச்சம் இருந்தது என்பதை அந்த 6-0 சொல்லிவிடுகிறது.

தோற்றவரின் பெயரையும் மறந்துவிடாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் நடந்துவந்த ஆண்கள் ஏடிபி (தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியான சென்னை ஓபனுக்கு 2017-தான் கடைசி ஆண்டு. அப்புறம் அது புனேவுக்குப் போய்விட்டது. அந்தக் கடைசி ஆண்டில் பட்டம் வென்றவர் பட்டிஸ்டா அகுட். 6-3, 6-4 என்று அவரிடம் தோற்ற இளைஞர் டேனியல் மெட்வெடேவ். அவர் 2021-இல் அமெரிக்க ஓபன் வென்றார், அடுத்த ஆண்டு உலகின் முதலிடத்துக்கும் வந்தார். நம் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியில் 1960-இல் நீல் ஃபிரேசரிடமும், 1961-இல் ராட் லேவரிடமும் தோற்றார். இரண்டு முறையும் அவரை வென்றவரே சாம்பியன். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கூட்டம் எதுவும் கூட இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம்!

சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-இல் துருக்கியின் அன்டாலியாவில், அப்போது உலகின் 8-ஆம் நிலையில் இருந்த டொமினிக் தீமை 6-3, 6-2 என்று வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறுதி வரை போய் ஸ்டீவ் ஜான்சனிடம் 7-6, 3-6, 6-2 என்று தோற்றார். இந்தியாவின் சோம்தேவ் தேவ்வர்மன் 2011-இல் ஓர் இறுதியில் ஆடியதற்குப் பிறகு ஏடிபி ஒற்றையர் இறுதிக்குப் போன முதல் இந்தியர் அவர். முதல் செட்டின் டை-பிரேக் மட்டும் இவர் பக்கம் விழுந்திருந்தால், இரண்டாவது செட்டோடு கோப்பை இவர் கையில்.

செய்தி எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செட் கணக்கை டை-பிரேக்கோடு முழுசாகச் சொல்லுங்கள். பத்து வினாடிகூட ஆகாது.

வணக்கம்.