1911 பிஸ்டல்: வீட்டு மேசையில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

[திரையில்: மேசை மேல் விரித்த தடித்த துணி. ஸ்லைடு பின்னால் பூட்டப்பட்ட பிஸ்டல். அருகில் வெறும் மேகசின்.]

வணக்கம். அமெரிக்காவில் துப்பாக்கிகளைத் தன் கையாலேயே மெருகேற்றிப் பார்க்கும் ஆட்களிடம் எந்த பிஸ்டலில் தொடங்கலாம் என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர் 1911. நூறு வருடத்தைத் தாண்டிய வடிவமைப்பு இது. இன்றும் புதிதாகத் தயாராகிறது, இன்றும் அதற்கு உதிரிபாகங்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் எந்தப் பாகத்தை வீட்டு மேசையிலேயே மாற்றலாம், எது வந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

வேலைக்கு முன்னால் ஒரு விஷயம். முதலில் தோட்டாக்களை வைக்கும் பெட்டியான மேகசினை வெளியே எடுங்கள், அப்புறம்தான் மேலே முன்னும் பின்னும் நகரும் உறையான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் சேம்பரில், அதாவது சுடப்படும் தோட்டா உட்காரும் அறையில், இருந்த தோட்டா வெளியே விழும், ஆனால் ஸ்லைடு திரும்பும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். விழுந்த தோட்டாவைப் பார்த்து துப்பாக்கி காலி என்று நினைத்தவர்களால்தான் விபத்துகள் நடக்கின்றன. ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையிலேயே இருக்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் விசையோடு பறக்கக் கூடியவை.

[திரையில்: பழைய ராணுவ 1911-இன் இடப்பக்கத் தோற்றம்.]

இதை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங். கோல்ட் நிறுவனம் தயாரித்தது. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நடந்த சோதனையில் ஒரே பிஸ்டலில் 6,000 தோட்டாக்கள் சுட்டார்கள், ஒரு இடத்திலும் அது சிக்கவில்லை. .45 காலிபர், 127 மில்லிமீட்டர் நீளமுள்ள குழலான பேரல், மேகசினில் 7 தோட்டா, எடை ஏறக்குறைய 1.1 கிலோ. 1985-இல் 9 மில்லிமீட்டர் பெரெட்டா அதன் இடத்துக்கு வரும் வரை இதுவே ராணுவத்தின் வழக்கமான கைத்துப்பாக்கி.

1911-ஐ முதலில் கைக்கு ஏற்றபடி மாற்றியது யார் என்றால், அந்த ராணுவமேதான். முதல் உலகப் போர் முடிந்ததும் வீரர்களிடமிருந்து புகார்கள் வந்தன. கை சிறிதாக இருந்தவர்களுக்கு டிரிக்கர் எட்டவில்லை. சுடும்போது பின்னால் வரும் சுத்தியல் போன்ற ஹேமர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தோலைக் கடித்தது. குறி தாழ்ந்து போனது. 1920-களின் நடுவில் இதற்கெல்லாம் பதில் சொல்லும் மாற்றங்கள் வந்தன: டிரிக்கரைக் குட்டையாக்கினார்கள், அதன் பின்னால், துப்பாக்கியின் உடலான ஃப்ரேமில் விரலுக்காகக் குழிவு வெட்டினார்கள், ஹேமருக்குக் கீழே உள்ள, கை இறுகப் பிடித்தால் மட்டும் சுட விடும் கிரிப் சேஃப்டியின் வாலை நீட்டினார்கள், கைப்பிடியின் முதுகை வளைவாக்கினார்கள், குறிபார்க்க உதவும் முன் சைட்டை அகலமாக்கினார்கள். அதுதான் 1911ஏ1. கவனித்துப் பாருங்கள், இந்த மாற்றங்கள் எல்லாமே கையும் கண்ணும் துப்பாக்கியைச் சந்திக்கிற இடங்களில். பூட்டும் பொறி, சுடும் பொறி இரண்டையும் அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டில் வேலை செய்பவருக்கும் இதே எல்லைதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் உலகப் போரில் இதைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், தையல் மெஷின் செய்த சிங்கர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கர் செய்தது வெறும் 500. ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொன்றின் துப்பாக்கியில் பொருந்தியாக வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. அதற்காகப் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். அதனால் சேறு, மணல் எது புகுந்தாலும் அது ஓடியது, ஆனால் கையில் எடுத்து ஆட்டினால் லேசாகக் கடகடத்தது. போருக்குப் பிறகு ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில் நடந்த குறிபார்ப்புப் போட்டிகளுக்கு இந்தத் தளர்வு போதவில்லை. ராணுவத்தின் ஆயுதக் கம்மியர்களே ஸ்லைடையும் ஃப்ரேமையும் இறுக்கிப் பொருத்தினார்கள், நல்ல சைட் வைத்தார்கள். 1911-ஐ மெருகேற்றும் கலை வளர்ந்தது இப்படித்தான்.

உங்களிடம் இருப்பது அப்படி ஒரு அசல் ராணுவ பிஸ்டலாக இருந்தால், தயவுசெய்து அரத்தைக் கீழே வையுங்கள். அதன் தேய்ந்த பூச்சும் முத்திரைகளும் வரலாறு. ஒருமுறை தேய்த்துவிட்டால் அதன் மதிப்பும் போய்விடும், திரும்ப வராது. இந்த வேலைக்கெல்லாம் இப்போது தயாராகும் புதிய 1911 போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, வரிசை எண் பொறித்த ஃப்ரேம்தான் துப்பாக்கி. கைப்பிடியின் பக்கத் தகடான கிரிப், சைட், ஸ்பிரிங் மாதிரியானவை வெறும் பாகங்கள். அந்த எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். டிரிக்கரின் ஒரு இழுப்பில் ஒன்றுக்கு மேல் தோட்டா சுடும்படி செய்வதும் கடுமையான குற்றம். மாநிலங்கள் இதன் மேல் சொந்த விதிகள் வைத்திருக்கின்றன, கலிபோர்னியா அதில் கண்டிப்பானது. மற்ற நாடுகளில் ஒரு பாகத்தை மாற்றவே அனுமதி தேவைப்படலாம். உங்கள் இடத்துச் சட்டத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

[திரையில்: பேரல் முனையில் உள்ள புஷிங்கை அருகில் காட்டவும்.]

சரி, பிரிப்போம். பிரவுனிங்கின் மூளை இங்கேதான் தெரியும். கிரிப்பைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூக்களைத் தவிர அவருடைய அசல் வடிவமைப்பில் ஸ்க்ரூவே கிடையாது. எல்லாம் சிறு உலோகக் குச்சியான பின்னும் ஸ்பிரிங்கும்தான், ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பாகத்தையே கருவியாக வைத்து அடுத்த பாகத்தைக் கழற்றலாம்.

ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது ரிகாயில் ஸ்பிரிங். முன்னால் இருக்கும் அதன் மூடியை விரலால் அழுத்திக்கொண்டே, பேரல் முனையைச் சுற்றியுள்ள வளையமான புஷிங்கைத் திருப்ப வேண்டும். விரலை விட்டால் மூடி அறையின் மறு மூலைக்குப் போய்விடும். திரும்ப மாட்டும்போது இன்னொரு இடத்தில் கவனம் தேவை. இடப்பக்கம் உள்ள, ஸ்லைடைப் பின்னால் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப்பை உள்ளே தள்ளும்போது அதன் முனை ஃப்ரேமில் உரசி, வளைவாக ஒரு கோடு போட்டுவிடும். இதற்கு அமெரிக்கர்கள் 'முட்டாள் கீறல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு மாட்டினால் கீறல் விழாது.

முதல் மாற்றமாக கிரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். வால்நட் மரம், ரப்பர், கண்ணாடியிழை அடுக்கு என்று கையில் பிடிப்பே மாறிவிடும். ஸ்க்ரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் தலை சிதைந்துவிடும். ஸ்க்ரூ இறுகியிருந்தால் அதோடு சேர்ந்து ஃப்ரேமில் உள்ள சின்ன புஷிங்கும் கழன்று வரும். பதறாதீர்கள். அதன் மரை ரொம்ப மெல்லியது, நேராக வைத்து விரலாலேயே முதல் சுற்றுகளைத் திருப்புங்கள். கோணலாக ஏற்றினால் ஃப்ரேமின் மரையே போய்விடும். மெல்லிய கிரிப் வாங்கினால் குட்டை புஷிங்கும் குட்டை ஸ்க்ரூவும் வேண்டும். நீள ஸ்க்ரூ உள்ளே நீட்டிக்கொண்டு மேகசினை உரசும். கட்டைவிரலால் போடும் சேஃப்டி இருபக்கமும் உள்ள பிஸ்டலுக்கு வலப்பக்க கிரிப்பில் அதற்கான வெட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, கைப்பிடியின் முதுகு. வளைவானது, தட்டையானது என்று இரண்டு வகை உண்டு. எது நல்லது என்ற சண்டை ஓயாது. கண்ணை மூடி பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் மேலே தூக்கி நின்றால் தட்டை, கீழே தாழ்ந்து நின்றால் வளைவு உங்களுக்குப் பொருந்தும். ஒரே ஒரு பின்னைத் தட்டினால் இந்தப் பாகம் கீழே வழுக்கி வந்துவிடும். ஆனால் இதற்குள்தான் ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங் நல்ல அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்து மாற்றிப் போடுவதை விட, ஸ்பிரிங்கோடு முழுமையாக வரும் பாகத்தை வாங்குவது நல்லது.

[திரையில்: பழைய சிறிய சைட், புதிய அகல சைட், இரண்டும் அருகருகே.]

என்னைக் கேட்டால், காசு செலவழிக்கத் தகுந்த முதல் இடம் சைட். பழைய 1911-இன் சைட் அவ்வளவு சின்னது, மங்கிய வெளிச்சத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது வரும் பிஸ்டல்களில் பெரும்பாலும் சைட்டுகள் ஸ்லைடின் குறுக்கு வெட்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதற்கென்று உள்ள தள்ளும் கருவி இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். சுத்தியலால் அடித்தால் ஸ்லைடில் காயம் விழும். பழைய முறையில் முன் சைட்டின் காலை ஸ்லைடின் துளைக்குள் விட்டு உள்பக்கம் அடித்துப் பரத்தியிருப்பார்கள், அதை கம்மியரிடம் விடுங்கள். உயரத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டா குறிக்குக் கீழே படுகிறது என்றால் முன் சைட் இன்னும் குட்டையாக வேண்டும், மேலே படுகிறது என்றால் உயரமாக வேண்டும். பின் சைட் இதற்கு நேர் எதிர். தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே அதை நகர்த்த வேண்டும்.

ரிகாயில் ஸ்பிரிங் நாள்பட்டால் தளரும். சில ஆயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். முழு அளவு .45-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங்தான் நிலையான அளவு. அதையே போடுங்கள்.

இனி கை வைக்கக் கூடாத இடங்கள். ஹேமரைப் பின்னால் இழுத்ததும் அதைத் தடுத்து நிறுத்துவது சியர் என்ற சின்னத் துண்டு. அது மாட்டிக்கொள்ளும் ஹேமரின் கொக்கி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் உயரம்தான், ஐந்தாறு தாள்களை அடுக்கிய கனம். டிரிக்கர் மென்மையாக வேண்டும் என்று அதை அரத்தால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோணம் சற்றுப் பிசகினாலும் ஸ்லைடு மூடும் வேகத்தில் ஹேமர் நழுவி விழலாம், யாரும் டிரிக்கரைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கலாம். இந்த வேலைக்கு அளவு பிடிக்கும் சாதனங்களும் பல வருடப் பழக்கமும் வேண்டும். வீட்டு மேசையில் இதைச் செய்யாதீர்கள்.

கட்டைவிரல் சேஃப்டியும் அப்படித்தான். அதன் உள்முனை சியரைத் தடுத்துப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்தப்படும் பாகம் அது. 'அப்படியே மாட்டலாம்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஹேமர் கடிக்காமல் இருக்க நீண்ட வால் வைத்த கிரிப் சேஃப்டி பலருக்கும் ஆசை. நியாயமான ஆசைதான், ஆனால் பெரும்பாலும் ஃப்ரேமையே வளைவாக அறுத்துப் பொருத்த வேண்டியிருக்கும். வெட்டிய ஃப்ரேமை ஒட்ட முடியாது. கோல்ட் 1983-இல் கொண்டு வந்த சீரிஸ் 80 பிஸ்டல்களில், தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின்னை, டிரிக்கரை இழுத்தால் மட்டும் விடுவிக்கும் ஒரு தடுப்பு உண்டு. டிரிக்கர் கொஞ்சம் இலகுவாகும் என்று அந்தத் துண்டுகளைக் கழற்றிப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. கீழே விழுந்தால் சுடாமல் இருக்கத்தான் அது இருக்கிறது.

[திரையில்: மாட்டி முடித்த பிஸ்டல். ஸ்லைடு திறந்த நிலை, வெறும் சேம்பர்.]

மாட்டி முடித்ததும் மறுபடி காலிதானா என்று பாருங்கள். பிறகு, பாதுகாப்பான திசையில் நீட்டி, ஹேமரை இழுத்து கட்டைவிரல் சேஃப்டியைப் போடுங்கள். டிரிக்கரை அழுத்தினால் ஹேமர் அசையக் கூடாது. சேஃப்டியை எடுக்கும்போதும் விழக் கூடாது. அடுத்து, கிரிப் சேஃப்டி அழுந்தாதபடி பிடித்து டிரிக்கரை அழுத்துங்கள், அப்போதும் விழக் கூடாது. இப்போது முழுதாகப் பிடித்து அழுத்துங்கள், விழ வேண்டும். டிரிக்கரை விடாமலே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும், டிரிக்கரை விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி நேராகக் கம்மியரிடம் போகட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் சுடும் களத்துக்குக் கொண்டு போங்கள். முதல் முறை மேகசினில் ஒரே ஒரு தோட்டா, அடுத்த முறை இரண்டு, அப்புறம்தான் முழு மேகசின். தோட்டாவை எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள். சேம்பரில் நேராகப் போட்டு ஸ்லைடை மூடினால், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தோட்டாவின் விளிம்பின் மேல் வலுக்கட்டாயமாக ஏறி நாளடைவில் தளர்ந்துவிடும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, எந்தத் துப்பாக்கியுடையது என்று எழுதி வையுங்கள். புதிய கிரிப் கைக்கு ஒத்துவராமல் போனால் பழையதை அன்றைக்கே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.