எம்டன் இல்லை, ஆத்தோஸ்: எங்கள் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார்

வணக்கம் மக்களே. இன்றைக்கு சண்டே மார்க்கெட் வீடியோ கிடையாது, மன்னிச்சுக்கோங்க. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார்.

தகரப்பெட்டி வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் கிடைத்த பெட்டி. அதில் அவர் வியட்நாமின் சைகோனிலிருந்து போட்ட கடைசிக் கடிதம், 1916 தேதி. பிரான்சுக்குக் கப்பல் ஏறப்போவதாக ஒரு வரி, அவ்வளவுதான். வீட்டில் கேட்டால் "எம்டன் குண்டு போட்டு முழுகிட்டாரு" என்பார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. நவம்பரிலேயே கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் அதன் கதையை முடித்துவிட்டது. 1916-இல் கடிதம் போட்டவரை அது எப்படி முழுகடிக்கும்?

பிரான்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸ் ஓம்' தளத்தில், முதல் உலகப் போரில் இறந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் இருக்கின்றன. இலவசம்! காகிதம் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நாலு மாசம் இழுத்தடித்து, "அப்படி ஒரு ஆளே இல்லை" என்றார். ஒரு ஆளே இல்லையாம்! பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் இன்னும் எரிகிறது.

ஆள் இருந்தார். எழுத்துதான் வேறு. அவர் பெயரில் 'முத்து' வரும். நாம் எழுதுகிற மாதிரி எம், யூ என்று தேடினால் வராது. பிரெஞ்சில் 'உ' சத்தத்துக்கு ஓ, யூ இரண்டும் வேண்டும். எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என்று போட்டேன். வந்துவிட்டார்! கத்திய கத்தில் அத்தை எழுந்து வந்துவிட்டார்.

அட்டையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். சாய்ந்த கையெழுத்து, தேதி மேல் ஒரு மைப்பொட்டு. பிறந்த ஊர் பாண்டிச்சேரி. இறந்த விதம்: 'திஸ்பாரு ஆன் மேர்', கடலில் காணாமல் போனார். கப்பல் பெயர் ஆத்தோஸ். சீனத் தொழிலாளர்களும் செனகல் வீரர்களுமாக பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். 1917 பிப்ரவரி 17 அன்று மால்டாவுக்குத் தென்கிழக்கே ஜெர்மன் நீர்மூழ்கி டார்ப்பிடோ அடித்தது. 754 பேர் போனார்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். அட்டையின் கீழ்ப்பாதியில் கோர்ட் தீர்ப்பு என்று ஒரு வரி. உடல் கிடைக்காததால் தீர்ப்புப் போட்டுத்தான் இறந்தவராகப் பதிந்திருக்கிறார்கள். அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. கொள்ளுப்பாட்டி கடைசிவரை பூவையும் பொட்டையும் எடுக்கவில்லை. அந்த வருஷ மாசி மகத்துக்கும் வைத்திக்குப்பத்தில் குளித்திருப்பார், பாவம்.

பாண்டிச்சேரி பீச் ரோட்டில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னத்துக்கு, பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-ஆம் தேதி ஒவ்வொரு வருஷமும் விளக்கு பார்க்கவே போனேன். இந்த வருஷம் அவருக்காகப் போவேன்.

இதுவரை மகாளய அமாவாசைக்குப் பொதுவாக எள்ளும் தண்ணீரும் விட்டோம். இப்போது தேதி கிடைத்துவிட்டதால், அத்தை விடிந்ததும் நள வருஷம் மாசி மாதப் பஞ்சாங்கத்தில் திதி பார்க்கச் சொல்லி ஐயருக்குப் போன் போட்டுவிட்டார். அட்டையில் ராணுவப் பதிவு எண்ணும் இருக்கிறது. அதை வைத்து பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஊரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு இன்றைக்கே எழுதுகிறேன். பதில் வந்த அன்றைக்கே வீடியோ வரும்.