வளவுச் சுவரில் தொங்கும் படத்தில் நிற்பது எந்த வருஷத்து வண்டி?

[திரையில்: வளவுச் சுவரில் வரிசையாகத் தொங்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள். கேமரா மெல்ல நகர்ந்து ஒரு படத்தில் நிற்கிறது.]

வணக்கம். செட்டிநாட்டில் பழைய வீடு எதற்குள் போனாலும், வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தலையை நிமிர்த்தினால் படங்கள்தான். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்காகக் கடல் கடந்து, போகும் முன் எடுத்துக்கொண்டது, கல்யாணத்தன்று எடுத்தது, பேரன் பேத்தியோடு எடுத்தது என்று சுவர் நிறையத் தொங்கும். அவற்றுக்கு நடுவில் எங்காவது ஒரு படத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கும். வீட்டுக்காரர்கள் அதற்கு ஒரு வருஷமும் ஒரு கதையும் சொல்வார்கள். அந்த வருஷத்தை வண்டியைக் கொண்டே எப்படிச் சரிபார்ப்பது? பள்ளத்தூரில் ஒரு வீட்டுப் படத்தை வைத்துப் பார்க்கலாம்.

[திரையில்: படம் முழுதாக. முகப்புப் படிக்குக் கீழே மோட்டார் சைக்கிள். பின்னால் வேட்டி சட்டையில் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து நிற்கிறார். சீட்டின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு சிறு பெண்.]

வீட்டு ஆச்சிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவர் சொன்னது இது: "எங்க அப்பச்சி ரங்கூன்ல இருந்தப்ப வாங்குன வண்டி, தம்பி. 38-ல கப்பல்ல கொண்டாந்தாக. பக்கத்துல நிக்கிறது எங்க ஆச்சி." நகரத்தார் வழக்கில் அப்பச்சி என்றால் அப்பா, அக்காவும் ஆச்சிதான். அவருடைய அக்கா 1932-இல் பிறந்தவர். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஆறு வயது இருக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

வண்டியைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. படம் இடம் வலம் மாறிப் பிரிண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டால் எல்லாமே பக்கம் மாறிவிடும். நம்பர் பிளேட் தெரிந்தால் உடனே விடை கிடைத்துவிடும். தெரியாவிட்டால் சட்டைப் பை இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் படத்தில் பை சரியான பக்கத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நாம் பார்ப்பது வண்டியின் வலப்பக்கம். சைலன்சரும் கியர் லீவரும் இந்தப் பக்கம் இருக்கின்றன. அந்தக் காலத்து பிரிட்டிஷ் சிங்கிள் சிலிண்டர் வண்டிகளுக்கு இது வழக்கமான அமைப்பு.

[திரையில்: டேங்க் மட்டும் பெரிதாக.]

முதலில் டேங்க். 1920-களின் வண்டிகளில் டேங்க் தட்டையாக, சட்டத்தின் இரண்டு குழாய்களுக்கு நடுவே பெட்டி போலச் செருகியிருக்கும். 1930 வாக்கில் அது அநேகமாக மறைந்து, மேல் குழாயின் மீது சேணம் போலக் கவிந்து உட்காரும் டேங்க் வந்துவிட்டது. நம் படத்தில் இருப்பது சேண டேங்க். அதன் பக்கவாட்டில் கியர் மாற்றும் கைப்பிடியும் இல்லை. காலால் மாற்றும் கியர் 1930-களில்தான் பரவியது. ஆக, ஆச்சி சொன்ன 1938 இதுவரை தாங்குகிறது.

இனி முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை. படத்தில் முதலில் கண் போகவேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. பழைய ஃபோர்க்குக்கு கர்டர் என்று பெயர். சக்கரத்தின் இரு பக்கமும் கம்பிகளை இணைத்த சட்டம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு சுருள் ஸ்பிரிங். பார்த்தால் சாரம் கட்டியதுபோல இருக்கும். புதியது டெலஸ்கோபிக். இரண்டு வழுவழுப்பான குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஏறும். இன்றைக்கு நாம் ஓட்டும் பைக்குகளில் பார்ப்பது இந்த வகைதான்.

[திரையில்: இரண்டு ஃபோர்க்குகளின் கோட்டுப்படம் பக்கத்தில் பக்கத்தில். பிறகு பள்ளத்தூர் படத்தின் முன்சக்கரம்.]

நன்றாகப் பாருங்கள். இரண்டு குழாய்கள். கர்டர் இல்லை.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1935-லேயே ஆயில் நிரப்பிய டெலஸ்கோபிக் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் மேட்ச்லெஸ் நிறுவனம் 1941-இல் ராணுவத்துக்காகச் செய்த ஜி3எல் என்ற 350 சிசி வண்டியில்தான் அது பெரிய அளவில் வந்தது. டிரையம்ஃப் போன்ற மற்ற கம்பெனிகள் போர் முடிந்த பிறகுதான் மாறின. போருக்குப் பிறகும் சில மாடல்கள் கர்டரோடு வந்தன. அதனால் கர்டர் இருப்பதை வைத்து மட்டும் போருக்கு முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதுபோன்ற சாதாரண பிரிட்டிஷ் வண்டியில் டெலஸ்கோபிக் இருந்தால் 1938 என்பது நடக்காது. பின்னாளில் யாராவது ஃபோர்க்கை மட்டும் மாற்றியிருந்தாலும் படம் அந்த மாற்றத்துக்குப் பிறகு எடுத்ததுதானே.

இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வண்டியில் இருப்பதிலேயே புதிய பாகம் எதுவோ, படம் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது.

சரி, இது எந்த வண்டி? டேங்க்கில் இறக்கை வைத்த 'எம்' எழுத்து மங்கலாகத் தெரிகிறது. மேட்ச்லெஸ் முத்திரை அது. ஆனால் டேங்க்கைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டலாம். அதிலும் ஏ.ஜே.எஸ். என்ற வண்டியும் இதே கம்பெனியின் தயாரிப்பு, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதனால் என்ஜினுக்குப் போகவேண்டும்.

[திரையில்: என்ஜின் பகுதி. 1200 டிபிஐ ஸ்கேன். அம்புக்குறி ஒன்று மெல்ல நகர்கிறது.]

இந்த இடத்தில் நான் ஒரு முழு மாலை உட்கார்ந்திருந்தேன். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது. அதன் பின்னால் கார்புரேட்டர். கார்புரேட்டருக்குக் கீழே உருண்டையாக ஒன்று தெரிகிறது பாருங்கள், அதுதான் பிளக்குக்கு நெருப்புப் பொறி தரும் மேக்னெட்டோ. என்ஜினின் வலப்பக்க மூடி அதை நோக்கிப் பின்பக்கமாக நீண்டிருக்கிறது. போருக்குப் பிந்தைய ஏ.ஜே.எஸ்.ஸில் மேக்னெட்டோ சிலிண்டருக்கு முன்னால் இருக்கும், மூடியும் முன்பக்கம் நீளும். மேட்ச்லெஸ்ஸில் பின்னால். 1952 மாடலில் மேட்ச்லெஸ்ஸும் அதை முன்னால் கொண்டுபோய்விட்டது. ஆக, இது 1941-க்கும் 1951-க்கும் இடையில் செய்த மேட்ச்லெஸ். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, சீட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஜி3எல் மாடலோடு ஒத்துப்போகிறது.

ராணுவத்துக்குச் செய்ததா, பொதுமக்களுக்குச் செய்ததா? ராணுவ வண்டி மங்கலான பெயின்ட்டில் வரும். நம் படத்தில் டேங்க் பளபளக்கிறது. கூர்ந்து பார்த்தால் முகப்புத் தூணின் நிழலே அதில் வளைந்து தெரிகிறது. ஆனால் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து ஓட்டியவர்கள் நிறைய. அதனால் பெயின்ட்டை வைத்து நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

நம்பர் பிளேட் இதில் தெரியவில்லை. உங்கள் படத்தில் தெரிந்தால் விடாதீர்கள். 'டிஎன் 63' என்பதுபோல மாநிலமும் எண்ணும் சேர்ந்த முறை 1989-இல் வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்து. சென்னை மாகாணக் காலத்து எழுத்துகள் 'எம்'மில் தொடங்கும். 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆன பிறகு 'டி'யில் தொடங்குபவை வந்தன. ஆனால் பழைய வண்டி கைமாறினாலும் பழைய எண்ணோடுதான் ஓடும், அதனால் இதுவும் கீழ் எல்லையை மட்டும்தான் காட்டும்.

உங்கள் வீட்டுப் படத்தில் புல்லட் நின்றால் வேலை இன்னும் சுலபம். ஹெட்லைட்டும் ஃபோர்க்கின் மேற்பகுதியும் ஒரே கூடாக, இரு பக்கமும் சின்னக் கண்போல இரண்டு விளக்குகளோடு இருந்தால் அது 1954-க்கு முந்தையதாக இருக்காது. சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கியது 1955-இல். கிக்கரும் கியரும் ஒரே லீவராக இருக்கும் ஜாவா என்றால், மைசூரில் உற்பத்தி தொடங்கிய 1961-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பள்ளத்தூர் படம். வண்டி எப்போது செய்தது என்பதற்குப் பத்து வருஷ இடைவெளி கிடைத்தது. படம் எப்போது எடுத்தது என்று தெரிய ஃபிரேமைத் திறக்கவேண்டியிருந்தது.

[திரையில்: ஃபிரேமின் பின்பலகை. துருப்பிடித்த சிறு ஆணிகளைக் கைகள் ஒவ்வொன்றாக நிமிர்த்துகின்றன.]

தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். நம் ஊர் வெக்கையிலும் மழையீரத்திலும் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே போய்விடும். ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், போதும். எங்களுக்கு இது ஒட்டாமல் வந்தது. பின்பக்கம் பென்சிலில் இரண்டே சொல்: "விரோதி, தை."

தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விரோதி 1889-இல் வந்தது, 1949-இல் வந்தது, 2009-இல் வந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விரோதி என்று சொல்ல முடியாது. 1889 இல்லை என்று வண்டி சொல்லிவிட்டது, 2009 என்பதற்கு இந்தப் படம் மிகப் பழையது. 1949 சித்திரையில் பிறந்த விரோதியின் தை மாதம் என்றால் 1950 ஜனவரி, பிப்ரவரி. பொங்கலை ஒட்டி எடுத்த படமாக இருக்கலாம்.

ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச்சில். ஆச்சியின் அப்பச்சி அதற்கு முன்பே, கையில் ஒரு பெட்டியோடு ஊர் திரும்பியவர். ரங்கூனில் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படத்தில் நிற்பது அது இல்லை. எல்லாம் போன பிறகு ஊரில் இருந்துகொண்டு வாங்கிய இன்னொன்று.

இதை ஆச்சியிடம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். ஃபோர்க், மேக்னெட்டோ, பென்சில் எழுத்து. கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் வண்டியை விட்டுவிட்டார்.

"விரோதி தையில எங்க ஆச்சிக்குப் பதினேழு முடிஞ்சிருக்கும். கல்யாணமாகிக் கொத்தமங்கலம் போயாச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சுபானு வருஷத்துல பிறந்தவ, தம்பி" என்றார்.

சுபானு என்றால் 1943, 44. விரோதி தையில் ஆறு வயது.

[திரையில்: லேப்டாப்பில் படம். சுருக்கம் விழுந்த விரல் ஒன்று சீட்டின் ஓரத்தைப் பிடித்து நிற்கும் சிறு பெண்ணைத் தொடுகிறது.]

"இந்த முகத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டு."