நாழி முகவாது நானாழி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்திருந்து பெருமை சேர்க்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, கரும்பு விவசாயிகள் சங்கச் செயலாளர் அவர்களே, அன்போடு பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மையார் அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த, இந்த வயதிலும் படியேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிற என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

செயல்நினைவு பற்றி இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அதை எப்படி அளக்கிறார்கள், எது அதைக் குறைக்கிறது, பயிற்சியால் அதைக் கூட்ட முடியுமா.

47-ஐ 6-ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். ஆறேழு நாற்பத்திரண்டு, 2-ஐ வைத்து, மீதி 4-ஐ மனத்தில் பிடித்துக்கொண்டு அடுத்த பெருக்கலுக்குப் போகிறோம். அந்தப் பிடிக்குத்தான் செயல்நினைவு என்று பெயர். நம் பெரியவர்கள் சொன்னார்கள்: ஆழ்கடலில் எவ்வளவு அமுக்கி முகந்தாலும் நாழி முகவாது நானாழி. ஒரு நாழி அளக்கும் படியில் நான்கு நாழி நீர் கொள்ளாது. அந்தப் பிடியும் ஒரு நாழிதான்.

கொழுக்கட்டைக் கதையை நம் பாட்டிமார் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வீட்டுக்குப் போன மருமகனுக்குக் கொழுக்கட்டை கிடைக்கிறது. அப்படியொரு ருசியை அவன் அதுவரை கண்டதில்லை. பெயரைக் கேட்டுக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லியபடி ஊருக்கு நடக்கிறான். வெயில். வரப்பு. எதிரே வந்தவர் நலம் விசாரிக்கிறார். அவருக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடக்கிறான், வாய் நிற்கவில்லை. வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று தாண்டுகிறான். அக்கரையில் கால் பட்டதும் வாய் தொடர்கிறது: "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா." வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான். அவள் விழிக்கிறாள். அவளை அவன் அடித்ததாகக் கதை சொல்லும்; அந்த இடத்தை நான் எந்த மேடையிலும் ஏற்றதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நீங்களும் மாற்றிச் சொல்லுங்கள். அந்த மனிதன் அறிவிலி அல்லன். உதடு ஓதிக்கொண்டிருக்கும் வரைதான் புதுச் சொல் உயிரோடு இருக்கும். குறுக்கே ஒரு வார்த்தை விழுந்தால் போயிற்று. இந்த ஓதலை 1974-இல் பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் செயல்நினைவின் ஒரு தனி உறுப்பாகவே வகுத்தார்கள்.

அளக்கும் முறை பழையது. 1887-இல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பவர் பள்ளி மாணவியரிடம் எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார். 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், மனம் ஒரே தடவையில் பிடித்துவைப்பது ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001-இல் நெல்சன் கோவன், ஓதுவதற்கும் சேர்த்துக் கட்டுவதற்கும் இடம் கொடுக்காமல் அளந்தால் ஏறக்குறைய நான்குதான் என்றார். வெறுமனே திருப்பிச் சொல்வதும் போதாது. 1980-இல் டேன்மனும் கார்பென்டரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வைத்து, முடிவில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் கேட்டார்கள். வேலையும் நடக்க வேண்டும், பிடியும் நழுவக் கூடாது. வகுப்பில் பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

அடுத்து, எது அதைக் குறைக்கிறது என்பது. செயலாளர் அவர்கள் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரக் கரும்பு விவசாயிகளையே அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வொன்று 2013-இல் வெளிவந்தது. நினைவுத் தேர்வு அல்ல. புதிரும் கவனமும் பற்றிய தேர்வு. கையில் பணம் இல்லாத மாதங்களில் அதே மனிதர்கள் குறைவாக எடுத்தார்கள். கவலை வந்து நாழியில் பாதியை நிரப்பிவிட்டால் மற்றதற்கு இடம் ஏது?

தூக்கமின்மையும் அப்படித்தான். இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். போன மார்ச்சில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலை ஐந்து மணிச் சிறப்பு வகுப்பு முடிந்து நேராக வந்தவள். சீருடையில் திருநீறு உதிர்ந்திருந்தது, பின்னல் ஒரு பக்கம்தான் போட்டிருந்தாள். எண்களைச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். ஐந்தாவது எண்ணில் நின்றாள். "தாத்தா, இன்னொரு தடவை சொல்கிறீர்களா?" என்றாள். பத்து நாள் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழு எண்களை நிற்காமல் சொன்னாள். ஒரு பிள்ளையை வைத்து நான் எதையும் நிறுவவில்லை. ஆனால் தூக்கம் கெட்டால் கவனமும் செயல்நினைவும் தளரும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019-இல் சட்டமே போட்டார்கள். நாமோ நாலரை மணிக்குப் பிள்ளையை உலுக்கி எழுப்பி, அரைத் தூக்கத்தில் சூத்திரங்களை அமுக்குகிறோம். நாழி முகவாது நானாழி என்று தெரிந்த ஊர்தானே இது!

பயிற்சியால் கூட்ட முடியுமா என்ற மூன்றாவது செய்தி பாக்கி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் கலை, செய்து காட்டினாரே, அதிலிருந்து தொடங்க நினைத்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

வாசல் மேசையில் மனு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு முன் எந்த வகுப்பும் வேண்டாம் என்ற ஒரே கோரிக்கைதான் அதில் உண்டு. தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார். அவருக்கு அடுத்த வரியைப் பேரூராட்சித் தலைவர் அவர்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். நன்றி, வணக்கம்.