ஆட்சி முறையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மக்களின் வாழ்வைத் தீர்மானிப்பது ஆட்சி முறையா, பொருளாதார முறையா என்பது தலைப்பு. ஆட்சி முறையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் "ஜனநாயகமா, கம்யூனிசமா" என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தினார். நடுவர் அவர்களே, அது பொருந்தாத ஜோடி. ஜனநாயகம், முடியாட்சி, சர்வாதிகாரம் எல்லாம் அதிகாரம் யார் கையில் என்ற கேள்விக்குப் பதில்கள். முதலாளித்துவம், சோசலிசம், கம்யூனிசம் என்பவை நிலமும் ஆலையும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பதில்கள். இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக எப்படியும் சேரும். ராணுவ சர்வாதிகாரி பினோசெட் ஆண்ட சிலியில் சந்தைக்குச் சுதந்திரம் இருந்தது, மக்களுக்கு இல்லை. ஸ்வீடனில் மன்னர் இருக்கிறார், ஆள்வது நாடாளுமன்றம். தனியார் தொழிலும் உண்டு, வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமும் உண்டு.

சரி, இந்த இரண்டு கேள்விகளில் எது முந்தியது? பிரிட்டனைப் பாருங்கள். 1945 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. நிலக்கரிச் சுரங்கமும் ரயிலும் அரசுடைமை ஆயின, 1948-இல் எல்லோருக்கும் இலவச மருத்துவம் வந்தது. 1979-இல் அதே மக்கள் எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் தாட்சரைப் பிரதமராகக் கொண்டுவந்தார்கள். தொலைபேசியும் எரிவாயுவும் தனியாருக்குப் போயின. சோசலிசப் பக்கம் போனதும் வாக்குச்சீட்டால், சந்தைப் பக்கம் திரும்பியதும் வாக்குச்சீட்டால். எது எதை ஆட்டிவைத்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

"ஒரே இனம், ஒரே மொழி, கிழக்கு ஜெர்மனி தேய்ந்தது, மேற்கு வளர்ந்தது. பொருளாதார முறைதானே காரணம்?" என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தெருவில் சுமார் 70,000 பேர் திரண்டு என்ன முழங்கினார்கள்? "நாங்களே மக்கள்!" ஆளும் உரிமை எங்களுடையது என்று சொல்லித்தான் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது. அடுத்த மார்ச்சில் தேர்தல். அதற்கும் பிறகுதான், 1990 ஜூலையில், மேற்கின் நாணயம் கிழக்குக்கு வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

அடுத்து சீனா. எதிரணி இதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். 1958-இல் மாவோவின் அரசு சிட்டுக்குருவியைத் தானியத் திருடன் என்று அறிவித்தது. மக்கள் தட்டையும் பானையையும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குருவிக்கு உட்கார இடமில்லை. பறந்து பறந்து களைத்து, பொத்தென்று விழுந்து செத்தது. குருவி போனதும் பூச்சி பெருகியது. 1960-இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதற்குள் பஞ்சம் நாட்டைப் பிடித்திருந்தது. கோடிக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். குருவி மட்டும் காரணமில்லை. மேலிடத்துக்குப் பயந்து விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்கு எழுதினார்கள், அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு தானியத்தை எடுத்துக்கொண்டு போனது. தவறு நடக்கிறது என்று 1959-இல் மாவோவுக்குக் கடிதம் எழுதிய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் பதவி இழந்தார். அமைச்சருக்கே இந்தக் கதி என்றால் உழவன் வாயைத் திறப்பானா?

அது சோசலிசத்தின் குற்றம் என்பீர்கள். அப்படியானால் 1943 வங்காளப் பஞ்சம்? அங்கே தனிச்சொத்து இருந்தது, வியாபாரிகள் இருந்தார்கள், சந்தை இருந்தது. 20 முதல் 30 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஆண்டவர்கள் செத்தவர்களிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியதில்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பஞ்சங்களை ஆராய்ந்து சொன்னதும் இதுவே. தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை.

அப்புறம், 1978-க்குப் பின் சீனா சந்தையால் எழுந்ததே என்றார் நண்பர். எழுந்தது, மறுக்கவில்லை. அது தொடங்கிய இடங்களில் ஒன்றைக் காட்டுகிறேன். அன்ஹுயி மாகாணம், சியாவ்காங் கிராமம், 1978-இன் கடைசி மாதங்கள். பதினெட்டு உழவர்கள் ரகசியமாகக் கூடி, கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள ஒரு காகிதத்தில் ஒப்பந்தம் எழுதிக் கைரேகை வைத்தார்கள். அதில் ஒரு வாசகம்: நம்மில் யாராவது சிறைக்குப் போனாலோ தலை போனாலோ, அவர் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். அடுத்த அறுவடை பல மடங்கு பெருகியது. பின்னர் மேலிடமும் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் போயிருந்தால்?

என் பக்க நியாயம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது, நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். தாங்கள் உழுத நிலத்தைப் பிரித்துக்கொள்ள அந்தப் பதினெட்டுப் பேரும் பிள்ளைகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கத் துணிந்தார்களே, அவர்கள் யாருக்குப் பயந்தார்கள்?