பேனா யார் கையில்? சேர்ந்து படிக்கும் குழு நடக்கும் விதம்

[திரையில்: பாதியில் நிற்கும் மின்சுற்றுக் கணக்கு]

மேசையைச் சுற்றி ஆறு பேர். மின்சுற்றுகளைக் கணக்கிட உதவும் கிர்ச்சாஃப் விதியை வைத்து ஒரு கிளையின் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவருக்கு 2 ஆம்பியர் வந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு மைனஸ் 2. இருவரும் குழுவை நடத்தும் சீனியரைப் பார்க்கிறார்கள்.

அவருக்கு விடை தெரியும். ஆனால் சொல்லவில்லை. "அம்புக்குறிய எந்தப் பக்கம் போட்டீங்க?" என்று மட்டும் கேட்கிறார்.

[இரண்டு நோட்டுகள் அருகருகே]

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம்தான் கவனிக்கிறார்கள், அம்புகள் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டு விடையுமே சரி! மின்னோட்டத்தின் திசை இதுதான் என்று நாம் ஊகித்துப் போட்ட அம்புக்கு எதிர்த்திசையில் அது பாய்கிறது, மைனஸ் சொல்வது அவ்வளவுதான். இதைச் சீனியரே சொல்லியிருந்தால் பத்து விநாடியில் முடிந்திருக்கும். அடுத்த கணக்கில் அதே சந்தேகம் மறுபடி வந்திருக்கும்.

[திரையில்: 1973]

இப்படிப்பட்ட குழுக்களுக்கு ஒரு முறையான வடிவம் 1973-இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் கிடைத்தது. உருவாக்கியவர் டியானா மார்ட்டின். பெயர், துணைக் கற்பித்தல் என்று பொருள்படும் சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், யார் மக்கு என்று அவர்கள் தேடவே இல்லை. எந்தப் பாடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். சுமார் 30 சதவீதம் பேர் தோற்கிற, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குகிற அல்லது பாதியில் விட்டுவிடுகிற பாடம் என்றால் அதற்கு ஒரு குழு. அந்தப் பாடம் படிக்கும் யாரும் வரலாம், கட்டாயம் இல்லை. முதல் ரேங்க் வாங்குபவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூச்சத்துக்கு அங்கே என்ன வேலை?

[வகுப்பில் குறிப்பெடுக்கும் சீனியர்]

நடத்துபவர் அதே பாடத்தை முன்பே நன்றாகத் தேறியவர். மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். மதிப்பெண் போடும் வேலை அவருக்குக் கிடையாது.

ஆபத்து எங்கே என்றால், நன்றாகப் படிப்பவருக்கு வாய் சும்மா இருக்காது. பேனாவை வாங்கிப் பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு அது டியூஷன்தான். புரோகிராமிங் குழுவிலும் இதே கதை: கீபோர்டு வேகமாக டைப் செய்பவரிடமே தங்கிவிடும். தடுமாறுகிறவர் பக்கம் அதைத் தள்ளி வையுங்கள்.

சரி, சீனியருக்கே தெரியாத கேள்வி வந்தால்? "எனக்கும் தெரியல" என்று சொல்லலாம். புத்தகத்தை நடுவில் விரித்து எல்லாருமாகத் தேடலாம். அப்படியும் பிடிபடாவிட்டால், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று ஒரே வரியில் எழுதி, மறுநாள் பேராசிரியரிடம் எடுத்துப் போங்கள்.