ஒட்டுக்கன்று நிக்கிறது யார் வேர்ல?

நடுவர் ஐயா, எதிரணி நண்பர்களே, சுங்கை சிப்புட் சனங்களே, வணக்கம். "நம் குணத்துக்குக் காரணம் பெற்றோரின் ரத்தமா, வளர்ப்பா?" நான் வளர்ப்பு அணி.

எதிரணித் தலைவர் போற போக்குல ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார். "ரப்பர் மரத்துக்கே வம்சம் பார்க்குறோம்! ஜிர் 1 அம்மா, பி.பி. 86 அப்பா, ரெண்டும் சேர்ந்து பெத்த பிள்ளைதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகம். பெத்தவங்க நல்ல மரம், பிள்ளை பாலாக் கொட்டுது. வளர்ப்பு அணி வாயை மூடிக்கலாம்"னார். நீங்களும் கைதட்டினீங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஐயா, அவர் கல்யாணப் பத்திரிகையை மட்டும் படிச்சிருக்கார், வீட்டுக்குள்ள போகலை. ஒட்டு எப்படிப் போடுறாங்க? ஏதோ ஒரு கொட்டையை முளைக்கவிட்டு, அந்தக் கன்னோட பட்டையை சன்னல் மாதிரி கீறித் திறந்து, 600-ஓட மொட்டை உள்ள வெச்சுக் கட்டுறாங்க. மூணு வாரம் கழிச்சு அவிழ்த்துக் கீறிப் பார்த்தா பச்சை தெரியணும். பிடிச்சிருச்சுன்னா, மேல் தண்டை வெட்டித் தள்ளிடுறாங்க. அப்ப 600 நிக்கிறது யார் வேர்ல? முன்பின் தெரியாத கொட்டையோட வேர்ல! தண்ணி உறிஞ்சிக் கொடுக்குறது வளர்ப்புத் தாய்! உதாரணம் தேடிப் போனவர் எங்க வீட்டுக் கதவைத் தட்டியிருக்கார்.

இன்னும் விடமாட்டேன். காடு பூரா 600. ரத்தத்துல மயிரிழை வித்தியாசம் கிடையாது. இந்த நிரையில பால் பிடிக்கிற மங்கு நிறையுது, அந்த நிரையில அரை மங்கு. ஏன்? பால் எடுக்கப் பட்டையை வெட்டுற கை.

ஒரு அப்பா மகனுக்கு மரம் வெட்டக் கத்துக் கொடுக்குறார். உளியைக் கொடுத்தாரா? மூச்! வெட்டுக் கோட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற கோட்டுப்பால் இழு, மங்கைத் துடை. ஒரு வாரம் ஆச்சு. "உளி எப்பப்பா?" "மங்கைத் துடை." ரெண்டு வாரம் ஆச்சு. "அப்பா, உளி..." "மங்கைத் துடைச்சியா?" அழுக்கு மங்குல பால் சீக்கிரமே உறைஞ்சிரும், அதான். மூணாவது வாரம், அழிக்கப் போற கிழட்டு மரத்துல மகன் கையைப் பிடிச்சு வெட்ட வைக்கிறார். இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தாழ்வு. பால் குழாய் வலப்பக்கமா சாஞ்சு ஏறுது, அப்படி வெட்டினாத்தான் நிறைய குழாய் அறுபடும். சீவல் ஒன்றரை மில்லிமீட்டர். ஆழம், கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால நிக்கணும். மேலாக வெட்டினா பால் வராது, குழாய் நெருக்கமா இருக்குறதே கட்டையை ஒட்டித்தான். கொஞ்சம் அழுத்தினா காயம். பையன் காயம் போட்டான். அப்பா அடிக்கலை. மரத்தைத் தடவிக் கொடுத்தார். அதுக்கு அடியே தேவலைன்னு ஆகிருச்சு பையனுக்கு!

அந்தப் பையன் இன்னிக்குப் பினாங்குல தொழிற்சாலை மேற்பார்வையாளர். புதுசா வேலைக்கு வர்றவன் என்ன படிச்சிருந்தாலும் சரி, முதல் கேள்வி என்ன தெரியுமா? "மெஷினைத் துடைச்சியா?" எதிரணித் தலைவரே, இது ஜிர் 1 வழியா வந்ததா, பி.பி. 86 வழியா வந்ததா?

சிரிச்சது போதும். ஒரு பக்கப் பட்டையை வெட்டி முடிக்க அஞ்சாறு வருஷம். மறுபக்கம் அஞ்சாறு வருஷம். அப்புறம் உளி பழைய இடத்துக்கே திரும்புது. அதுக்குள்ள அப்பா கையிலிருந்த உளி பிள்ளை கைக்கு வந்திருக்கும். காயம் போட்ட இடத்துல பட்டை முண்டு முண்டா வளர்ந்திருக்கும், உளி ஏறாது. காயம் படாத இடம் வழவழன்னு இருக்கும்.

மரம் அவரோடது இல்ல. காடும் அவரோடது இல்ல. விடியாத இருட்டு, நெத்தியில விளக்கு, பக்கத்துல வேலையை மேற்பார்க்குற தண்டல்கூட இல்ல. அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் யாருக்காக விட்டுவெச்சார்?

பின்வரிசையில நரைச்ச தலை அம்மாக்கள் உட்கார்ந்திருக்காங்க. நீங்களும் வெட்டினவங்கதானேம்மா? உங்க நிரையில இன்னிக்கு யாரோ ஒரு பிள்ளை உளியை வெச்சிருக்கும். பட்டை அதுக்கு வழவழன்னு இருந்திருக்கும். யார் வெட்டின மரம்னு அதுக்குத் தெரியாது.

மணி அடிச்சிட்டீங்களா ஐயா? சரி. வணக்கம்.